குலுக்கலில் ஊராரை அழைத்து முடிவெடுப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் கோடை வந்தால் ஊற்று இளைத்துவிடும். யாருக்கு என்றைக்குத் தண்ணீர் திறப்பது என்பதை எப்போதும் அதே ஏழெட்டுப் பேர்தான் பேசி முடிப்பார்கள். அதனால் இந்த முறை குலுக்கலில் 24 பேரை எடுத்துப் பேச வைத்தோம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். எங்கள் கேள்வி இவ்வளவுதான்: கோடையில் ஹட்டி (படுகர் குடியிருப்பு), லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), பஜார் மூன்றுக்கும் தண்ணீர் முறை எப்படி வைப்பது? குலுக்கலில் வந்தவர்கள் சொல்வது பரிந்துரைதான். "ஏற்காவிட்டால் காரணத்தைக் கிராம சபையில் சொல்வோம்" என்ற வாக்கை ஊராட்சியிடம் வாங்கிக்கொண்டே தொடங்குங்கள்.

பெயர்களுக்கு வாக்காளர் பட்டியல் போதும் என்று நினைத்தேன். போதாது. ஜார்க்கண்டிலிருந்து வந்து தேயிலை பறிப்பவர்கள் அதில் இல்லை, அவர்களும் அதே குழாயில்தான் குடிக்கிறார்கள். வீடு வீடாகப் போய் அவர்களுக்கும் சீட்டு எழுதினோம். மூன்று பகுதிக்கும் ஆண், பெண் என ஆறு குடம், குடத்துக்கு நான்கு சீட்டு. பள்ளி வாசலில் எல்லோரும் பார்க்க ஒரு சிறு பிள்ளை எடுத்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் சிறுவன்தான் குடவோலை எடுக்கிறான். ஆனால் அங்கே நிலமும் வீடும் உள்ளவர்கள் பெயர்தான் குடத்துக்குள் போனது. அந்த விதி நமக்கு வேண்டாம்.

குலுக்கல் ஒரு மணி நேர வேலை. பெயர் வந்தவர்களைக் கூட்டத்துக்கு வரவழைப்பதுதான் பெரும்பாடு. கடிதம் கொடுத்தோம், லைனிலிருந்து ஒருவரும் வரவில்லை. சரி என்று சாயங்காலம் நேரில் போனேன். "எனக்கு என்னங்க தெரியும், வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ஒரு அக்கா. "குடத்துல வந்தது உங்க பேருதான்க்கா" என்றேன். மூன்றாவது முறை போனபோதுதான் சம்மதித்தார். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். எல்லோருக்கும் ஒரே தொகையாக ஒரு நாள் கூலி கொடுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுங்கள். ஒருவர் உறுதியாக மறுத்தால் அதே குடத்தில் அடுத்த சீட்டு. தெரிந்தவரை மட்டும் நுழைக்காதீர்கள், அத்தோடு எல்லாம் போச்சு.

அயர்லாந்தில் 2016இல் தொடங்கிய குடிமக்கள் பேரவையில் குலுக்கலில் வந்த 99 பேரும் விவரம் தெரிந்தவர்களைக் கேட்ட பிறகே வாக்களித்தார்கள். நாங்களும் தண்ணீர் திறந்து விடுபவரை முதலில் பேச வைத்தோம். அப்புறம் நான்கு நான்கு பேராக உட்கார்ந்தோம், சத்தமாகப் பேசுகிறவர் எல்லோரையும் அமுக்கிவிடாமல் இருக்க. அந்த அக்கா அங்கேதான் வாய் திறந்தார்: "பத்து மணிக்குத் திறந்தா நாங்க தோட்டத்துல இருப்போம். யாரு பிடிப்பா?" இத்தனை வருடம் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 22 கிராம சபையில் பரிந்துரையை அவரையே வாசிக்கச் சொன்னோம். லைனுக்கு இப்போது மாலை ஐந்து மணிக்குத் திறக்கிறார்கள். புதிய தொட்டி கேட்டதை ஏற்கவில்லை. பணம் இல்லை என்ற காரணத்தை எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மே 1 சபையில் மறுபடி கேட்கப் போகிறோம்.