வழவழப்பு, கொழகொழப்பு, நார்: காய் துப்பும் பிள்ளைக்குச் சமைப்பதில் நடக்கும் தவறுகள்

மதுரை வில்லாபுரத்தில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். சாயங்காலம் திரும்பி வரும் டப்பாவைத் திறந்தாலே எந்தப் பிள்ளை எதை ஒதுக்கியது என்று தெரிந்துவிடும். சோறு காலியாகியிருக்கும், வெண்டைக்காய் மட்டும் மூடியின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாகச் சேரும் அம்மா அப்பாக்கள் இதற்கு வீட்டில் செய்து பார்க்கும் வைத்தியங்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி. ஒரு காலத்தில் என் அடுப்படியிலும் நடந்தவைதான். அதட்டாதே, செல்போனைக் காட்டி ஊட்டாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ருசியைச் சரிபண்ணப் பார்ப்பது

சுரைக்காயைத் துப்பிய பிள்ளைக்கு மறுநாள் தேங்காயைக் கூடப் போட்டு, சீனியும் தூவி அதே சுரைக்காயைக் கொடுப்பார்கள். மறுபடி துப்பும். அது முகம் சுளிப்பது ருசிக்கு இல்லை, பல்லில் அகப்பட்ட கொழகொழப்புக்கு. சந்தேகமிருந்தால் அதலக்காய் வரும் காலத்தில் சோதித்துப் பாருங்கள். மழை விழுந்த பின் கரிசல் காட்டில் கிடைக்கும். பாகற்காய்க்குத் தம்பி, கசப்பில் அண்ணன். வாங்கிய அன்றே காம்பையும் வாலையும் கிள்ளி, வெங்காயத்தோடு எண்ணெயில் முறுக வதக்கணும், வைத்திருந்தால் வெடித்துவிடும். சுரைக்காயைத் தொடாத பிள்ளைகள் சிலர் அந்தக் கசப்பைக் கருக்முருக்கென்று தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக வழவழப்பே ஆகாது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தால், அதே பிள்ளை பாதாம் பிசினை ஸ்பூனால் வழித்துத் தின்னும். வழவழவென்று வரப்போகிறது என்று தெரிந்தேதான் அங்கே வாயைத் திறக்கிறது. சாம்பார் சாதத்தில் எந்தக் கவளத்துக்குள் வெண்டைக்காய் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? காயைச் சோற்றோடு பிசையாமல் தனியாக வைத்தாலே பாதிச் சண்டை குறையும்.

எல்லாவற்றையும் குக்கரில் போடுவது

மூடிய குக்கருக்குள் சூடு 120 டிகிரியைத் தொடும். பீர்க்கங்காயும் பூசணியும் அதில் கரைந்து தோல் மட்டும் மிதக்கும். காயைத் திறந்த சட்டியில் வேகவிடுங்கள். புளியை எப்போது ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். காயைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் லேசில் இளகாது. கொழகொழப்பு ஆகாத பிள்ளைக்கு முள்ளங்கியையும் கத்தரிக்காயையும் புளித்தண்ணீரிலேயே வேகவிட்டால் துண்டு துண்டாக நிற்கும். கடித்து மெல்லச் சலித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் காய் நன்றாக வெந்த பிறகே புளி.

வெண்டைக்காயை மூடி வேகவைப்பது

முதலில் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்கணும். அகலச் சட்டி, மூடி கிடையாது, உப்பு கடைசியில். அப்படியும் பிசுபிசுப்பு மிஞ்சினால் ஒரு கரண்டி தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ விட்டு வற்றவிடுங்கள்.

முற்றலை வாங்குவது

மாட்டுத்தாவணியில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

பிடித்த சாப்பாட்டுக்குள் காயை ஒளித்து வைப்பது

இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் ஏறிவிடும். மற்றத் தவறுகளில் ஒரு வேளைக் காய்தான் வீணாகும். இதில் பிள்ளையின் சாப்பாடே போய்விடும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு தம்பி இருக்கிறார். மகளுக்கு நாலு வயசு. காலையில் இட்லி, ராத்திரி இட்லி, நடுவில் தயிர்ச்சோறு. காயைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்ளும். ஒருநாள் டப்பா வாங்க வந்தவர், "அக்கா, சுரைக்காயை வேகவச்சு அரைச்சு இட்லி மாவுல கலந்துட்டேன், பாப்பாவுக்குத் தெரியவே இல்ல" என்று சிரித்தார். வெள்ளை மாவில் வெள்ளைக் காய். "வேணாம் தம்பி, இத்தோட நிப்பாட்டிருங்க" என்றேன். கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டதே என்ற தைரியத்தில் மறுதடவை காயைக் கூட்டினார். தண்ணீர் ஏறி இட்லி நடுவில் களியாகிவிட்டது. மிக்ஸிக்குத் தப்பிய விதை ஒன்று பல்லில் சிக்கியிருக்கிறது.

அவ்வளவுதான். முதலில் இட்லியைத் தள்ளியது. அதே மாவில் ஊற்றுவது என்று தோசையையும் தள்ளியது. தயிர்ச்சோற்றைக்கூட விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தது. மல்லிகைப்பூ இட்லிக்குப் பேர்போன ஊரில், இட்லியைப் பார்த்து அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வீடு பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். சித்திரையில் நின்ற இட்லி ஆடி கழிந்துதான் தட்டுக்குத் திரும்பியது.

இப்படிப்பட்ட பிள்ளை இட்லியைப் பிடித்துக்கொள்வதே, எந்தப் பக்கம் கடித்தாலும் அது ஒரே மாதிரி இருப்பதால்தான். ரஸ்க்கும் பிஸ்கட்டும் அப்படித்தான். அவரைக்காயில் ஒன்று பிஞ்சாயிருக்கும், அடுத்தது நாராயிருக்கும். நம்பி வாயில் வைக்க அந்தப் பிள்ளைக்கு இருப்பதே நாலைந்து பதார்த்தம். அதற்குள் போய்க் கைவைக்கலாமா?

லாப நஷ்டத்தையும் பாருங்கள். நாலு இட்லிக்குள் போன சுரைக்காய் இரண்டு ஸ்பூன் இருந்தால் அதிகம், அதிலும் பெரும்பங்கு தண்ணீர். அதற்காகப் போனது அரிசியும் உளுந்தும் சேர்ந்த இரண்டு வேளைச் சாப்பாடு. மாட்டிக்கொள்ளாமல் தப்பினாலும் பிள்ளை சுரைக்காய் தின்னப் பழகியிருக்காது, அப்பாவை ஏமாற்றுக்காரராக்கும் நாள் தள்ளிப்போயிருக்கும். யோசனை சொல்லும் ஆட்களோ இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அரைப்பதே கூடாது என்று சொல்லவில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையல் அரைத்ததுதான், கேரட் சூப்பும் அரைத்ததுதான். பேரைச் சொல்லி, அதன் நிறத்தோடு, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கீரை கடைவதானால் தண்டை எறிந்துவிட்டு இலையை மட்டும் போடுங்கள். ஒரு நார் சிக்கினாலும் கடைந்ததெல்லாம் வீண்.

ஏற்கெனவே ஒளித்து மாட்டிக்கொண்டவர்கள், பிள்ளை பார்க்க மாவரைத்து, இட்லித் தட்டில் அதையே ஊற்றவிடுங்கள். இனி உள்ளே எதுவும் கலக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள்.

ஜிகர்தண்டா லஞ்சம்

"காயைத் தின்னா வாங்கித் தாரேன்" வேண்டாம். காய் கஷ்டம் என்று நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

பச்சைக் கேரட்

மொறுமொறுப்பு பிடிக்கிறதே என்று நாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட்டைக் கொடுக்காதீர்கள். தொண்டையை அடைத்துவிடும். துருவிக் கொடுங்கள்.

இரண்டு தடவையில் கைவிடுவது

ஒரு காய் பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம் என்று குழந்தை உணவு ஆய்வுகள் சொல்கின்றன. தட்டு நிறையத் தின்ன வேண்டாம், ஒரு துண்டு, அதிலும் நுனியைக் கடித்தால் போதும். ஆனால் தடவைக்கு ஒரு விதமாகச் செய்தால் பிள்ளைக்கு அது தடவைக்கு ஒரு புதுக் காய். வெண்டைக்காய் வற்றலை வறுத்துத் தொடங்குங்கள், அது பழகிய பின் மெலிசாக நறுக்கி முறுக வறுத்தது, வதக்கல் அப்புறம். கொத்தவரங்காய்க்கும் இதே வரிசை ஒத்துவரும்.

எல்லாவற்றையும் அடம் என்று நினைப்பது

எதைக் கொடுத்தாலும் ஓங்கரித்து வாந்தியெடுக்கிறது, விழுங்கத் திணறுகிறது, எடை ஏறவில்லை, தின்கிற நாலைந்திலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது என்றால் சமையலில் தீராது. பெரியாஸ்பத்திரி குழந்தைகள் பிரிவிலோ உங்கள் குழந்தை டாக்டரிடமோ காட்டுங்கள். போகும்போது, ஒரு வாரம் என்ன தின்றது, எதைத் துப்பியது, துப்பியது வழவழப்பா நாரா மொறுமொறுப்பா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "எதுவுமே திங்க மாட்டேங்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் எதை வைத்துப் பார்ப்பார்?