சிலோன்ல சொந்தக்காரங்கள பி.டி.ஏ.ல புடிச்சிட்டா இங்கருந்து எப்படி மனு போடறது

பந்தலூர், கூடலூர் பக்கம் டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன்ல இருக்கற நிறைய பேர், சிலோன் தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்பறதுக்குப் போட்ட 1964 சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்துல வந்தவங்கதான், அண்ணன் இங்கன்னா தம்பி இன்னும் சிலோன்ல ஹட்டன்ல இருப்பாரு. அங்க யாரையாவது பயங்கரவாதத் தடைச் சட்டத்துல (அதான் பி.டி.ஏ.) தூக்கிட்டாங்கன்னு போன் வந்தா அழுதுட்டு நேரா கலெக்டர் ஆபீஸுக்கு ஓடாதீங்க, மொதல்ல அவர் எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்னு பாருங்க.

இந்திய பாஸ்போர்ட்னா கொழும்பு ஹைகமிஷன், மலையகம்னா (தேயிலைத் தோட்ட மலைப்பக்கம்) கண்டில இருக்கற உதவி ஹைகமிஷன். 1963 வியன்னா ஒப்பந்தப்படி அதிகாரி உள்ள போய் அவரப் பாக்கலாம். இலங்கை குடிமகன்னா அந்த உரிமை நமக்கு கிடையாது, ஆனா நம்ம எம்.பி. மூலமா லோக்சபால கேள்வி கேக்க வைக்கலாம், அதுக்கு 15 நாள் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், அதனால லேட் பண்ணாதீங்க.

எங்க அத்தை பையனுக்காக நான் மொதல்ல எழுதுனது நாலு பக்கம், பூரா வேதனைதான், புடிச்ச தேதி கூட இல்ல. அப்பறம் ஒரே பக்கமா மாத்துனேன்: என்னைக்கு, எங்க புடிச்சாங்க, தடுப்புக் காவல் உத்தரவு நம்பர், வக்கீல் பாத்தாரா, சிங்களத்துல எழுதுன பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்களா. கடைசி கேள்விய விட்றாதீங்க, ஏன்னா இந்தச் சட்டத்துல 16வது பிரிவுப்படி ஏ.எஸ்.பி. ரேங்க்கோ அதுக்கு மேலயோ உள்ள போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலமே கோர்ட்ல சாட்சியாயிடும், நம்ம புள்ளைக்கு சிங்களம் பேச வரும், படிக்க வராது.

ஒரு காப்பி கொழும்புல இருக்கற ஐரோப்பிய யூனியன் ஆபீஸுக்கும் போகட்டும். இலங்கை ஏத்துமதிக்கு அவங்க குடுக்கற ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைய 2010ல நிறுத்தி 2017லதான் திருப்பிக் குடுத்தாங்க, 2021ல மறுபடி ஐரோப்பிய பார்லிமென்ட் இந்தச் சட்டத்த எடுக்கணும்னு தீர்மானம் போட்டுச்சு, அடுத்த வருஷமே தடுப்புக் காவல் 18 மாசத்துலருந்து 12 மாசமாச்சு. எனக்குத் தெரிஞ்சு ஏத்துமதில கை வச்சாத்தான் அசையறாங்க. ஜெனீவால ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில்ல இலங்கை மேல வந்த தீர்மானத்து ஓட்டுல நம்ம நாடு 2012, 2013ல தீர்மானத்த ஆதரிச்சுது, 2021லயும் 2022லயும் ஒதுங்கிக்கிச்சு, இதயும் எம்.பி. மனுல எழுதுங்க, எழுதறதுல தப்பே இல்ல.

ஐ.நா.ல சட்டவிரோதக் காவலுக்குன்னே ஒரு குழு இருக்கு, அங்க கோர்ட் கேஸ் முடியறவரைக்கும் காத்திருக்க வேணாம், ஆனா தமிழ்ல அனுப்ப முடியாது, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர வச்சு எழுதுங்க.

எதையும் உள்ள இருக்கறவரோட வீட்ல கேக்காம அனுப்பவே கூடாது, அங்க போலீஸ் வந்து நிக்கறது அவங்க வீட்டு வாசல்லதான். அத்தை மொதல்ல வேணாம்னுட்டாங்க, மூணு நாள் கழிச்சு அவங்களே போன் போட்டு அனுப்புப்பான்னாங்க, அப்பறம்தான் அனுப்புனேன்.