"நான் ஒருத்தன்தானே!": வீட்டு லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணே, சூடோ வேலை செய்யலை." சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை இயக்க உதவும் நிரல். குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. "777 போட்டியா?" என்றேன். பதில் இல்லை.

ரூட்டாகவே, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாகவே, உள்நுழையாதே, கடவுச்சொல்லைச் சொல்லித் திரியாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. அவற்றை விடுகிறேன்.

எதற்கெடுத்தாலும் 777

ஒரு கோப்பைச் சேமிக்கப் போனால் 'அனுமதி இல்லை' என்று வரும். என் கணினி, நான் ஒருத்தன்தான் புழங்குகிறேன், எனக்கே அனுமதி இல்லையா? தேடினால் யாராவது 'சிஎச்மாட் 777 போடு' என்று எழுதியிருப்பார்கள். கோப்பின் அனுமதிகளை மாற்றும் கட்டளைதான் சிஎச்மாட். படிக்க 4, எழுத 2, இயக்க 1, ஆக 7. உரிமையாளருக்கு, குழுவுக்கு, மீதி எல்லோருக்கும் ஆளுக்கொரு 7. போட்டதும் வேலை நடந்துவிடும். அந்த ருசி கண்டபின் மொத்த அடைவுக்கும் (ஃபோல்டருக்கும்), உள்ளே இருப்பது எல்லாவற்றையும் மாற்றும் 'மைனஸ் ஆர்' சேர்த்துப் போடத் தோன்றும்.

நானும் போட்டேன், சூடோவோடு. நிற்கும் அடைவைக் குறிக்கப் புள்ளியும் சாய்கோடும் தட்ட வேண்டும். புள்ளியை விட்டுவிட்டேன். வெறும் சாய்கோடு என்றால் மொத்த அமைப்பின் வேர். லினக்ஸில் கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையாவது வேரைத் தொட மறுக்கும். சிஎச்மாட் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னதைச் செய்துவிடும். பதறிப்போய் நிறுத்துவதற்குள் நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவின் அனுமதிகள் போயே போய்விட்டன.

சூடோவுக்கு உயிர் தருவது செட்யூஐடி என்ற குறி. யார் இயக்கினாலும் கோப்பின் உரிமையாளருடைய, இங்கே ரூட்டின், அதிகாரத்தோடு ஓடு என்பது அதன் பொருள். டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்தது, 1979இல் காப்புரிமையும் கிடைத்தது. 777க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு 0 உண்டு, அது கோப்புகளில் இந்தக் குறியை அழித்துவிடும். சரிசெய்ய சூடோ வேண்டும், சூடோவோ செத்துக் கிடக்கிறது. வேறு பயனராக மாற உதவும் எஸ்யூவும் அப்படியே. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்.

யூஎஸ்பியிலிருந்து துவக்கிச் சூடோவை எழுப்பிவிடலாம். மற்ற ஆயிரக்கணக்கான கோப்புகள்? மென்பொருள்கள் ஆர்பிஎம் வகைப் பொதிகளாக வரும் அமைப்பு என்றால் பொதிப் பட்டியலிலிருந்து பழைய அனுமதிகளை மீட்க வழி உண்டு. என்னுடையது அந்த வகை இல்லை. மறுபடி நிறுவினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க.

இன்றும் எரிச்சலூட்டுவது அந்த 'நான் ஒருத்தன்தானே' என்ற நினைப்புதான். ஈடிசி அடைவில் பயனர் பட்டியலான பாஸ்வட் கோப்பைத் திறந்து பாருங்கள். ரூட்டின் எண் 0, நீங்கள் பெரும்பாலும் 1000. மற்ற வரிகளில் இருப்பவர்கள் யார்? அச்சு வேலைக்கு ஒருவர், பின்னணிச் சேவைகளுக்குச் சிலர், யாருமில்லை என்ற பொருளில் 'நோபடி' என்றே ஒருவர். ஒரு நிரல் கெட்டால் மற்றதைத் தொடக் கூடாது என்றுதான் இப்படித் தனித்தனி ஆள். 1969இல் யூனிக்ஸ் பிறந்தது ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில். இப்போது அந்தப் பலர் நிரல்கள், அவ்வளவுதான். கடைசி 7 அவர்களுக்கும் போய்ச் சேர்கிறது.

அதனால் முதலில் எல்எஸ் மைனஸ் எல் போட்டுக் கோப்பு யாருடையது என்று பாருங்கள். உங்களுடையதாக இருக்க வேண்டியது என்றால் அந்தக் கோப்பின் உரிமையாளரை மட்டும் சிஎச்ஓன் போட்டு மாற்றுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வடிவமைத்த வட்டு என்றால் சிஎச்மாட் போட்டே பயனில்லை, அதில் இந்த அனுமதிகள் பதிவாவதே இல்லை. வட்டை இணைக்கும்போதுதான் உரிமையாளரைச் சொல்ல வேண்டும்.

சூடோ போட்டு வரைகலைச் செயலியைத் திறப்பது

உங்கள் ஹோம் அடைவுக்குள்ளேயே ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் முளைக்கும். வரைகலைத் திரையைத் திறக்கும் சாவியை வைத்திருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு அப்படி மாட்டினால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்நுழைவுத் திரை திரும்பத் திரும்ப வரும். அமைவுக் கோப்பைத் திருத்த சூடோஎடிட் போதும்.

இரண்டாவது கணக்கு இல்லாமல் இருப்பது

டெஸ்க்டாப் சொதப்பினால் இன்னொரு கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு பெரும்பாலும் உங்கள் அமைவுக் கோப்புகளில்தான். நிறுவு வட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை.

தானியங்கி உள்நுழைவு

மடிக்கணினியில் வேண்டாம்.