ஒரு வட்டாரத்தில் தடுப்பூசி பெற்ற குழந்தைகளைக் கணக்கிடுவது எப்படி

தட்டம்மை பரவாமல் தடுக்க மக்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு நோயெதிர்ப்புத் திறன் இருக்க வேண்டும். ஒரு வட்டாரம் அந்த அளவை எட்டிவிட்டதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. போடப்பட்ட ஊசிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை எந்த எண்ணால் வகுக்கிறோமோ அங்கேதான் பிழை நுழைகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் குழந்தை ஓர் ஊரில் ஊசி போட்டுக்கொண்டு வேறோர் ஊரில் வளர்கிறது; செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்தின் குழந்தையோ எந்த ஊர்க் கணக்கிலும் இருப்பதில்லை. 100 விழுக்காட்டைத் தாண்டும் விந்தையான கணக்குகள் இப்படித்தான் பிறக்கின்றன. எனவே குலுக்கித் தேர்ந்த சில ஊர்களில் (கொத்துகளில்) மட்டும் வீடு வீடாகச் சென்று பார்க்கும் கொத்துமுறை மாதிரி ஆய்வு தேவைப்படுகிறது.

ஆய்வு நாளன்று 12 முதல் 23 மாத வயதுள்ள குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள்; முதலாண்டுத் தடுப்பூசிகள் அனைத்துக்கும் உரிய வயதை அவர்கள் கடந்திருப்பார்கள். பிறகு ஊர்களையும் அவற்றின் மக்கள்தொகையையும் வரிசையாக எழுதி, மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 90,000 பேர், 30 கொத்துகள் என்றால் இடைவெளி 3,000. அதற்குட்பட்ட ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். அது 1,240 என்றால், 1,240, 4,240, 7,240 எனச் செல்லும் எண்கள் கூட்டுத்தொகையில் எந்தெந்த ஊர்களில் விழுகின்றனவோ அவையே உங்கள் கொத்துகள். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை நம்புவதாயிருந்தால், அதற்குப்பின் முளைத்த குடியிருப்புகளை நேரில் விசாரித்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கொத்துக்கு 7 குழந்தைகள் வீதம் 210 பேரைப் பார்க்கும் முறையை ஹெண்டர்சனும் சுந்தரேசனும் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் விளக்கினர். ஊர் நடுவில் நின்று ஒரு திசையைக் குலுக்கல்போல் தேர்ந்து, ஏழாவது குழந்தை கிடைத்ததும் நிறுத்திவிடும் அந்த எளிமைதான் அதைப் பரவலாக்கியது. அதன் குறையும் அதே எளிமைதான் என்பேன்: வீட்டில் ஆள் இருக்கும் தெருக்களே மீண்டும் மீண்டும் கணக்கில் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டுக் கையேடு, எந்த வீடுகளுக்குச் செல்வது என்பதை முன்கூட்டியே குலுக்கித் தீர்மானிக்கச் சொல்கிறது. பூட்டிய வீட்டுக்கு மாற்றாகப் பக்கத்து வீட்டை எடுக்காதீர்கள். கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பும் மாலை நேரத்தில் மறுபடி செல்லுங்கள்; அப்போதும் ஆள் இல்லையென்றால் அதையும் பதிவு செய்யுங்கள்.

வீட்டில் தாயின் ஒப்புதலைப் பெற்றபின் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். சான்றிதழ்களோடு பையில் இருக்கும் அட்டையைத் தேடி எடுக்க நேரம் கொடுங்கள். "இல்லையென்றால் பரவாயில்லை" என்று நீங்களே சொல்லிவிட்டால், இருக்கும் அட்டையும் வெளியே வராது. தேதிகளை அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், மனத்துக்குள் திருத்தாதீர்கள்.

அட்டை இல்லாதபோது தாயின் நினைவை நம்ப வேண்டும். அதற்குக் கேள்வி நுணுக்கமாக இருக்க வேண்டும். "எல்லா ஊசியும் போட்டாயிற்றா?" என்று கேட்டால் "போட்டாயிற்று" என்ற பதில்தான் கிடைக்கும். மாறாக, இடது தொடையில் ஊசி போட்டார்களா, எத்தனை முறை என்று கேட்டால் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியைப் பற்றித் தெரியும். இடக் கையில் காசநோய்க்கான பிசிஜி ஊசியின் தழும்பைத் தேடலாம், ஆனால் ஊசி போட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் தழும்பு விழுவதில்லை. வாய்வழி மருந்தில் குழப்பம் மிகுதி: போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் மருந்து, வைட்டமின் ஏ மூன்றும் பேச்சில் ஒன்றாகிவிடும். முகாமில் கொடுத்த சொட்டு மருந்தையும் வழக்கமான தவணையையும் தனித்தனியே கேளுங்கள். பிறந்த தேதி தெரியாவிட்டால், ஆடிப்பெருக்குக்கு முன்னா பின்னா, பொங்கலுக்கு எத்தனை மாதக் குழந்தை என்று விசாரித்தால் ஓரளவு நெருங்கிவிடலாம்.

கணக்கிடும்போது அட்டை வழியாக உறுதியானதையும் நினைவின் வழியாக வந்ததையும் பிரித்துக் காட்டுங்கள். பென்டாவேலன்ட் தவணைகளுக்கிடையே குறைந்தது 28 நாள் இருக்க வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா முதல் ஊசியை 9 மாதம் நிறைந்தபின் போட்டிருக்க வேண்டும், ஏனெனில் அதற்குமுன் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் தடுப்பூசியின் பயனைக் குறைக்கக்கூடும். இந்த வரம்புகளுக்கு உட்பட்டவற்றையே செல்லுபடியாகும் தவணைகளாகத் தனியே எண்ணுங்கள். தொடங்கிய தவணைகளை முடிக்காமல் விடும் இடைநிற்றலையும் பாருங்கள். பென்டாவேலன்ட் முதல் தவணையை 200 பேரும் மூன்றாவதை 180 பேரும் பெற்றிருந்தால் இடைநிற்றல் 10 விழுக்காடு. முதல் தவணையே குறைவென்றால் சேவை அந்த வீட்டை எட்டவில்லை. முதலுக்கு வந்தவர் மூன்றாவதற்கு வரவில்லையென்றால், ஊசிக்குப்பின் வந்த காய்ச்சலா, ஒருநாள் கூலி இழப்பா என்று தாயிடமே கேட்க வேண்டும். ஒரே கொத்தின் குழந்தைகள் ஒன்றுபோலிருப்பார்கள் என்பதால், 210 பேரைத் தனித்தனியே தேர்ந்தது போலக் கணக்கிட்டால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கும்.

தவணை விடுபட்ட குழந்தையைக் கண்டால் தாயைக் கடிந்துகொள்ளாமல், பதிலைப் பதிவு செய்து முடித்தபின், அடுத்த புதன்கிழமை எங்கே ஊசி போடுகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் பெயரை அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிடலாம். அதற்கு அறிக்கை முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.