டயாலிசிஸ் போகும் பெரியவர் வீட்டில் மாத்திரைப் பையைச் சுளகில் கொட்டுங்கள்

எங்கள் ஆச்சிக்கு 76 வயது. வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸ் போகிறாள். போன ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி விழுந்தாள், என்னைப் பார்த்துச் சித்தப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கவாதமோ என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைசியில் பார்த்தால், கால் எரிச்சலுக்கு வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த பிரிகாபலின், அதுவும் கிட்னி நன்றாக இருப்பவருக்குக் கொடுக்கிற அளவு. ஒன்றுக்கு வழியே வெளியேற வேண்டிய மருந்து, ஒன்றுக்கே போகாத உடம்பில் எங்கே போகும்?

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் இருந்த மருந்தையெல்லாம் சுளகில் கொட்டினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிரிட்ஜில் இருக்கிற இன்சுலின், சுருக்குப்பையில் முடிந்து வைத்திருக்கிற வலி மாத்திரை, சளி டானிக், சூரணம், லேகியம், எதையும் விடாதீர்கள். அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊர்ப்பக்கம் என்பதால் சூரணத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சில பற்பங்களில் உலோகம் இருக்கும், கிட்னி டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். டயாலிசிஸ் ரூமில் போடுகிற ரத்தத்துக்கான ஊசி, இரும்புச்சத்து ஊசி இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு தாளில் கோடு போட்டு, மருந்தின் பெயர், எதற்கு, யார் எழுதியது, எப்போதிலிருந்து, டயாலிசிஸுக்கு முன்னாலா பின்னாலா என்று நிரப்புங்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை எழுதுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பிரஷர் மாத்திரையும் தனியார் டாக்டர் எழுதிய பிரஷர் மாத்திரையும் ஒரே அம்லோடிபின் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. 'எதற்கு' என்ற கட்டம் காலியாக நிற்கிறதா, டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த மாத்திரையைத்தான்.

எண்ணிப் பார்த்தால் நாளைக்கு 18 மாத்திரை. ஒரு மாத்திரைக்கு 30 மில்லி தண்ணீர் என்றாலும் 540 மில்லி ஆகிறது. அவளுக்கு நாள் முழுவதுக்கும் சொல்லியிருந்ததே ஒரு லிட்டர். "ஏலே, இத முழுங்கதுக்கே தண்ணி தீந்துருது, பொறவு தாகத்துக்கு என்னத்தக் குடிக்க?" என்று அவள் சொல்வதை நாங்கள் புலம்பல் என்றுதான் நினைத்திருந்தோம்.

வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகளுக்கென்றே பீர்ஸ் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1991-ல் தொடங்கியது, 2023-ல் திருத்தி வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் நாமே டாக்டராகிவிடக் கூடாது. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

பிரிகாபலினும் அதே வகையைச் சேர்ந்த கபாபென்டினும் கண்டிப்பாகக் கேட்க வேண்டியவை. கபாபென்டினை டயாலிசிஸ் முடிந்த பிறகு 100 மில்லிகிராம் என்ற மாதிரிக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். அதைவிடப் பொல்லாதது பேக்லோஃபென். தசைப்பிடிப்புக்கும் விக்கலுக்கும் சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள், டயாலிசிஸ் ஆட்களுக்கு இரண்டு மூன்று வேளையிலேயே புத்தி தடுமாறலாம். தூக்க மாத்திரையும், அரிப்புக்குப் போடுகிற பழைய அலர்ஜி மாத்திரையும் தலையைச் சுற்றவைத்து ஆளைக் கீழே தள்ளும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும், முக்குக் கடையில் போடுகிற வலி ஊசியும் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும், மிச்சம் போகிற கொஞ்சநஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற டானிக்கில் அலுமினியமோ மெக்னீசியமோ இருந்தால் அது உடம்பிலேயே தங்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் உடனே சொல்லுங்கள். கிட்னி போனபின் இன்சுலினும் உடம்பில் அதிக நேரம் நிற்கும், பழைய அளவையே போட்டால் ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும்.

கேஸ் மாத்திரை கதை வேறு. எப்போதோ ஆஸ்பத்திரியில் ஐந்து நாளைக்கு என்று தொடங்கியது மூன்று வருஷமாக ஓடும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்கும் முன்பு அல்சர் இருந்தவருக்கும் அது தேவைப்படலாம். அதனால் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

பிரஷர் மாத்திரை நாலு வகை இருந்தால், முதலில் ஊறுகாயையும் கருவாட்டையும் பாருங்கள். டயாலிசிஸ் ஆட்களுக்குப் பிரஷர் ஏறுவது பெரும்பாலும் உப்பாலும் தண்ணீராலும்தான், அது குறைந்தால் மாத்திரை தானாகக் குறையும். மிஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கி மயக்கம் வருகிறது என்றால், அன்றைக்குக் காலை மாத்திரையைத் தள்ளிப் போடலாமா என்று கேளுங்கள்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது சும்மா ஒப்புக்கு இல்லை. குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் பிரஷர் எகிறும். இருதயத்துக்கான மெட்டோப்ரோலால், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, ஸ்டென்ட் வைத்தவரின் மாத்திரை எல்லாமும் திடீரென்று விட்டால் ஆபத்துதான். நாள்பட்ட தூக்க மாத்திரையை இரண்டு வாரத்துக்குக் கால் பங்கு வீதம், அதுவும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையை வேண்டாதது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது சாப்பாட்டோடு போட வேண்டியது, வெறும் வயிற்றில் போட்டால் வேலை செய்யாது.

ஓ.பி. வரிசையில் நின்று இதைப் பேச முடியாது, பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். மிஷினில் நாலு மணி நேரம் படுத்திருக்கும்போது கிட்னி டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார் இல்லையா, அப்போது தாளை நீட்டி, "டாக்டர், இதில் எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய தேதியைத் தாளில் குறித்து, இரண்டு வாரம் தூக்கம், நடை, பிரஷர், சர்க்கரை பாருங்கள். பழைய தொந்தரவு திரும்பினால் எதனால் என்று தெரியும்.

ஆச்சிக்கு நாலு மாதத்தில் 18 பதினொன்றாகியிருந்தது. நடுவில் காய்ச்சலுக்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள், டிஸ்சார்ஜ் சீட்டில் மறுபடி பதினைந்து. திரும்பவும் சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.