சின்னப் பிள்ளைகளோடு ஹனுக்கா: எங்கெல்லாம் சறுக்கும்?

சின்னக் குழந்தைகள் இருக்கும் யூத வீட்டில் ஹனுக்காவின் முதல் இரவு ஜோராக நடக்கும். மூன்றாம் இரவு அலுப்புத் தட்டும். ஐந்தாம் இரவில் யாராவது ஒருவர் அழுதுகொண்டிருப்பார்; அது குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எட்டு இரவுகள் ஓடும் பண்டிகைக்கு ஒருநாள் கூத்துப் போலத் திட்டம் போடுவதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

பண்டிகையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கிறிஸ்தவ வேதம் படித்தவர்கள் யோவான் சுவிசேஷத்தில் ‘தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை’ என்று பார்த்திருப்பார்கள், அதுதான் இது. கி.மு. 164-இல் எருசலேம் ஆலயத்தை மீட்டுச் சுத்தம் செய்து மறுபடி அர்ப்பணித்ததை நினைத்துக் கொண்டாடுவது. யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் தேதி தொடங்குகிறது. யூத வேதமான தோராவில் சொல்லப்பட்ட பண்டிகை அல்ல என்பதால் வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், வண்டி ஓட்டலாம். கட்டாயமாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தினமும் மாலையில் விளக்கேற்ற வேண்டும். இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது அது எரிய வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த அரை மணி நேரம் ஒழுங்காக நடந்தால் மற்றதெல்லாம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

பசியோடும் தூக்கத்தோடும் நிறுத்திவைப்பது

டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க்கில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்தேகாலுக்கு நன்றாக இருட்டிவிடும். அப்பா ஏழரைக்கு வருவார், எல்லோரும் சேர்ந்து ஏற்றலாம் என்று காத்திருப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் ஏழரை மணிக்கு மூன்று வயதுப் பிள்ளை எந்த நிலையில் இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். பிரார்த்தனை வரிகள் பாதியில் இருக்கும்போதே சிணுங்கல் ஆரம்பித்துவிடும்.

இதற்கு மதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அஷ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு) வீடுகளில் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு ஹனுக்கியா ஏற்றும் வழக்கம் உண்டு. (ஹனுக்கியா என்பது ஒன்பது சுடர்கள் கொண்ட விளக்குத் தண்டு; எட்டு இரவுகளுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்றுவதற்கு ‘ஷமாஷ்’ ஒன்று.) பிள்ளைகளோடு அம்மா இருட்டியதும் ஏற்றிவிடலாம், அப்பா வந்து தன்னுடையதை ஏற்றிக்கொள்ளலாம். செபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த மரபு) வீடுகளில் பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒரே விளக்குதான்; அங்கே நேரத்தை எப்படி முன்பின் மாற்றலாம் என்று ரப்பியிடம் (யூத மதகுருவிடம்) ஒருமுறை கேட்டுவைத்துக்கொண்டால் தினமும் வாக்குவாதம் இருக்காது. இன்னொன்று, விளக்கேற்றும் முன் உணவுக்கு உட்காராமல் இருப்பது பெரியவர்களின் வழக்கம். அதைச் சின்னக் குழந்தைமேல் சுமத்த வேண்டாம். முதலில் சோறு, அப்புறம் சுடர்.

கையில் நெருப்பு

மெழுகுவர்த்திகளை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக அடுக்க வேண்டும். ஏற்றும்போது இடக்கோடியில் இருக்கும் புதியதிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள். குழந்தை மாற்றி அடுக்கிவிட்டால் அதட்டாதீர்கள். எந்த நிறம் எந்தக் குழியில் என்பதை அதன் விருப்பத்துக்கு விட்டுவிட்டு வரிசையை நீங்கள் மெதுவாகச் சரிசெய்தால் போதும்.

அதட்ட வேண்டிய இடம் வேறு. ஷமாஷைக் கையில் பிடித்த நாலு வயதுக் குழந்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். கண் முழுக்கச் சுடர் மேலேயே இருக்கும். அடுத்த வத்தியைப் பற்றவைக்க எட்டி நீட்டும்போது முழங்கை தூக்கும், சட்டைக் கை தொங்கும், கையில் உள்ள மெழுகுவர்த்தி சாயும். சாய்ந்ததும் உருகிய மெழுகு சொட்டாக விரலில் விழும். சுட்டதும் குழந்தை செய்யும் முதல் காரியம் கையை உதறுவது. எரியும் மெழுகுவர்த்தி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே குழந்தையின் கைமேல் உங்கள் கை இருக்க வேண்டும், சட்டைக் கையை மடித்துவிட வேண்டும், நீள முடியைக் கட்டிவிட வேண்டும். ஹனுக்கியாவுக்கு அடியில் உலோகத் தட்டு ஒன்று. திரைச்சீலை, காகிதத் தோரணம் எதுவும் பக்கத்தில் கூடாது. எட்டாம் இரவில் ஒன்பதும் சேர்ந்து எரியும்போது பக்கத்துச் சூட்டிலேயே மெல்லிய வத்திகள் வளைந்து சாயும்; அன்றைக்கு அந்த அறையை விட்டு யாரும் நகரக் கூடாது.

பள்ளியில் செய்துகொண்டு வந்த ஹனுக்கியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரத்துண்டு, பிளாஸ்டிக் மூடி, ஜிகினா, பசை என்று எல்லாம் ஒட்டிய அழகான பொருள். குழந்தை முகத்தைப் பார்த்து மனசு இளகி அதில் ஏற்றிவிடாதீர்கள். அலங்காரமாகப் பக்கத்தில் வைக்கலாம். மாற்றாக பேட்டரி விளக்கு வாங்குபவர்கள் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பொத்தான் பேட்டரி இருந்தால், திருகாணி போட்ட மூடி இருக்கிறதா? அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். மெழுகுவர்த்திக்குப் பயந்து இதை வாங்கினால் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதைதான். அதோடு, பேட்டரி விளக்குக்குப் பிரார்த்தனை சொல்லி ஏற்றுவதைப் பெரும்பாலான மரபு ரப்பிகள் ஏற்பதில்லை. அது விளையாட்டுக்கு மட்டும்.

அப்புறம் ஊதுவது. பிறந்தநாள் கேக் பார்த்த எந்தக் குழந்தையும் வரிசையாக எரியும் மெழுகுவர்த்திகளைப் பார்த்தால் ஊதத்தான் செய்யும். பாட்டி பதறுவார். பதற வேண்டியதில்லை. முறையாக ஏற்றிய பின் அணைந்துபோனால் மறுபடி ஏற்றும் கடமை இல்லை என்று தல்மூத் (பழைய ரப்பிகளின் விவாதங்கள் அடங்கிய நூல்தொகுப்பு) காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பிரார்த்தனை இல்லாமல் திரும்பப் பற்றவைப்பதுதான் நல்ல வழக்கம். வெள்ளி இரவு மட்டும், சபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாள், அன்று நெருப்பு மூட்டக்கூடாது) தொடங்கியிருந்தால், அது முடியாது.

எட்டு இரவுக்கும் ஷமாஷைச் சேர்த்து 44 மெழுகுவர்த்தி வேண்டும். கடைப் பெட்டியிலும் பெரும்பாலும் 44 தான் இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் நாலைந்து உடையாமல் இருக்காது. இரண்டு பெட்டியாக வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமையை மறப்பது

வெள்ளிக்கிழமை ஹனுக்கா விளக்கைச் சபாத் விளக்குக்கு முன்பே, அதாவது சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். ஆனால் இருட்டிய பின்னும் அரை மணி நேரம் அது எரிய வேண்டும். பெட்டியில் வரும் மெல்லிய வத்தி அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும், அன்றைக்குத் தாங்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எரியும் தடித்த மெழுகுவர்த்தி வேண்டும். இல்லாவிட்டால் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஆலிவ் எண்ணெய் ஊற்றித் திரி போடலாம். 2026-இல் முதல் இரவே டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. எட்டாம் இரவும் டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை. ஒரே பண்டிகையில் இரண்டு வெள்ளி. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவதற்கும் விளக்கேற்றுவதற்கும் நடுவே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். வியாழன் இரவே அடுக்கி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை தலைகீழ்: சபாத் முழுதாக முடியும்வரை தீக்குச்சியைத் தொடக்கூடாது, அதனால் தாமதமாகும், அன்று மதியம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டால் புத்திசாலித்தனம்.

கிறிஸ்துமஸுக்குப் போட்டி

அமெரிக்காவில் இதுதான் பெரிய வம்பு. தெருவெல்லாம் மரமும் விளக்கும் பரிசுப் பொட்டலமும் இருக்க, யூதப் பிள்ளை ஏங்கிப்போகுமே என்று “அவர்களுக்கு ஒருநாள்தான், நமக்கு எட்டு நாள் பரிசு” என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்ன வாய்க்கு எட்டு நாளும் வாங்கியாக வேண்டும். பழைய வழக்கம் ‘கெல்ட்’, அதாவது பிள்ளைகள் கையில் கொஞ்சம் காசு. இப்போது காசு வடிவச் சாக்லேட். அதற்கு மேல் எல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்து வந்தது. வந்ததில் தப்பில்லை. விளக்கேற்றும் முன் பொட்டலத்தைக் கண்ணில் காட்டுவதுதான் தப்பு. அதற்குப் பிறகு பிரார்த்தனை ஒரு தடங்கலாகிவிடும்: “சீக்கிரம், சீக்கிரம்!”

முதலில் விளக்கு, பாட்டு, சுடரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவது. பிறகு பரிசு இருந்தால் பரிசு. இல்லாத இரவுகளும் இருக்கட்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓர் இரவு உண்டியல் காசை யாருக்காவது கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தை தன் கையால் கொடுக்கட்டும். தாத்தா பாட்டிகளிடமும் முன்னாலேயே பேசிவையுங்கள். அவர்கள் அனுப்பும் நாலு பார்சலும் முதல் இரவே பிரிபட்டால் மீதி ஏழு இரவும் உங்கள் பாடு திண்டாட்டம்.

கதையில் எவ்வளவு சொல்வது

கி.மு. 167-இல் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான், யூத வழக்கங்களுக்குத் தடை போட்டான். மோதேயின் ஊரைச் சேர்ந்த குரு மத்தத்தியாவும் அவர் மகன்களும் எழுந்தார்கள். மகன் யூதா மக்கபே போரை நடத்தினான். இதில் கொலை இருக்கிறது, சித்திரவதை இருக்கிறது, ஒரு தாயும் ஏழு மகன்களும் சாகும் கதை இருக்கிறது. மூன்று வயதுக்கு இவை எதுவும் வேண்டாம். “நம்முடைய கோயிலை அழுக்காக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் திரும்பி வந்து துடைத்துப் பெருக்கி விளக்கேற்றினார்கள்.” இவ்வளவு போதும். துடைப்பதும் பெருக்குவதும் அந்த வயதுக்கு நன்றாகவே புரியும்.

ஆறேழு வயதில் கேள்வி வரும்: “ஆலயத்தில் கிடைத்த ஒருநாள் எண்ணெய் நிஜமாகவே எட்டு நாள் எரிந்ததா?” சமாளித்து மழுப்புவது தவறு. எண்ணெய் அற்புதத்தைச் சொல்வது தல்மூத். சண்டையைச் சொல்லும் மக்கபேயர் நூல்களில் அது இல்லை. இரண்டையும் அப்படியே சொல்லலாம், பிள்ளைகள் தாங்குவார்கள். வளர்ந்த பையன்களுக்கு யானைப் படை பிடிக்கும். ஆலயம் மீண்ட பிறகு நடந்த ஒரு சண்டையில் யூதாவின் சகோதரன் எலயாசர் யானையின் வயிற்றுக்கு அடியில் புகுந்து குத்த, அது அவன்மேலேயே சரிந்து விழுகிறது. அந்த யானைகளை ஓட்டிய பாகர்கள் இந்தியர்கள் என்று மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது! எட்டு விளக்கையும் முதல் நாளே ஏற்றினால் என்ன என்று கேட்கும் குழந்தைக்கும் பதில் இருக்கிறது. எட்டில் தொடங்கித் தினம் ஒன்று குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் என்ற பழைய அறிஞரின் பள்ளி. ஒன்றில் தொடங்கி ஏற்ற வேண்டும் என்றது அவர் காலத்து ஹில்லெலின் பள்ளி. ஹில்லெல் கட்சி ஜெயித்தது.

எண்ணெய்ச் சட்டியும் பம்பரமும்

லாட்கே என்பது துருவிய உருளைக்கிழங்கு அடை. துருவலைத் துணியில் கட்டிப் பிழியாமல் எண்ணெயில் போட்டால் தெறிக்கும், பக்கத்தில் குழந்தை நிற்கும். பிழியும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள், இரண்டு கையாலும் முறுக்கி ஆனந்தமாகச் செய்வார்கள். பொரிக்கும்போது அவர்கள் சமையலறையில் இருக்கக் கூடாது, வாணலியின் கைப்பிடி சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். இஸ்ரேலில் பிரபலமான, ஜாம் அடைத்துப் பொரித்த சுஃப்கனியோட் உருண்டைகளைப் பிய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மேலே ஆறியிருக்கும், உள்ளே ஜாம் கொதிக்கும். எட்டு நாளும் பொரித்தால் எந்த வயிறும் தாங்காது. எண்ணெயில் பொரித்தது என்பதுதான் மரபு, எது என்பதற்குச் சட்டமில்லை. கொச்சி யூதர்கள் நெய்யப்பம் சுட்டுத்தான் ஹனுக்கா கொண்டாடியிருக்கிறார்கள்.

ட்ரெய்டல் என்னும் நான்முகப் பம்பர ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. பக்கத்துக்கு ஓர் எபிரேய எழுத்து இருக்கும்: கிமெல் விழுந்தால் நடுவில் உள்ள காசெல்லாம் எடு, ஹே விழுந்தால் பாதி, நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, ஷின் விழுந்தால் நடுவில் காசு போடு. (இஸ்ரேலில் ஷின்னுக்குப் பதில் பே என்ற எழுத்து.) ஐந்து வயதுக்காரன் எல்லாக் காசையும் தோற்றுவிட்டு உதட்டைப் பிதுக்குவான். பத்துச் சுற்று என்று முன்பே பேசிவையுங்கள். இன்னும் சின்னவர்களுக்கு யார் பம்பரம் அதிக நேரம் சுற்றுகிறது என்பதே போதுமான போட்டி. நாலு வயதுக்கு உட்பட்டவர் இருக்கும் இடத்தில் முழுக் கொட்டைப் பருப்பு, நிஜக் காசு, சுண்டுவிரல் அளவு பம்பரம் மூன்றும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

ஜன்னலில் வைக்கலாமா

அற்புதத்தை ஊருக்கு அறிவிக்கத்தான் விளக்கு, அதனால் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைக்க வேண்டும். சில ஊர்களில் அதற்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. 1993 டிசம்பரில் அமெரிக்காவின் பில்லிங்ஸ் நகரில் ஹனுக்கா அலங்காரம் வைத்த ஒரு சிறுவனின் அறை ஜன்னலில் கல் எறிந்தார்கள். ஊர்ச் செய்தித்தாள் முழுப் பக்கத்துக்கு மெனோரா (ஹனுக்கியாவின் இன்னொரு பெயர்) படம் அச்சிட்டது, யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான வீடுகள் அதை ஜன்னலில் ஒட்டின. ஆபத்துக் காலத்தில் மேசைமேல் வைத்தால் போதும் என்று தல்மூத்தே அனுமதிக்கிறது. எங்கே வைப்பது என்பதைப் பெரியவர்கள் பகலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே “இங்கே வைத்தால் கல்லெறிவார்களோ” என்று பிள்ளை காதுபடப் பேசுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு வீட்டு வேலை. ஹனுக்கியாவில் இறுகிய மெழுகைச் சமையலறைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றிக் கழுவாதீர்கள்; குழாய்க்குள் போய் மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும். உலோகமாக இருந்தால் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு மணி நேரம் வைத்தால் மெழுகு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். அதைப் பெயர்த்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.