சர்ச் கல்யாணத்தில் மணப்பெண் தோழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோழி என்றால் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு மணப்பெண் பக்கத்தில் நிற்பவள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அன்று மணப்பெண்ணால் குனிய முடியாது, திரும்ப முடியாது, கையில் பொக்கே வேறு. அவளுக்கு இன்னொரு ஜோடி கையாக இருப்பதுதான் தோழியின் வேலை.

ஒரு காலத்தில் கல்யாணம் ஆகாதவர்களே தோழியாக நின்றார்கள். இப்போது அப்படி இல்லை. அமெரிக்காவில் தலைமைத் தோழி மணமாகாதவரானால் ‘மெய்ட் ஆஃப் ஹானர்’, மணமானவரானால் ‘மேட்ரன் ஆஃப் ஹானர்’.

சம்மதம் சொல்லும்போதே உடைச் செலவு யாருடையது என்று கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் பெரும்பாலும் மணப்பெண் வீட்டார் கொடுப்பார்கள். அமெரிக்காவில் தோழியே வாங்கிக்கொள்வது வழக்கம். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால் மனஸ்தாபம் பின்னால் வரும். கவுன் ஆர்டர் செய்யும்போது மார்பு, இடுப்பு, பின்புறம் மூன்றில் எது பெரிய சைஸில் வருகிறதோ அதையே எடுங்கள். பெரியதைப் பிடித்துத் தைக்கலாம். சிறியதைப் பிரித்துவிட உள்ளே துணி இருக்காது. கீழ் மடிப்பின் அளவை, அன்று போடப்போகும் செருப்போடு நின்றுதான் எடுக்க வேண்டும்.

நடக்கும் வரிசையிலும் குழப்பம் வரும். ஆங்கிலேய வழக்கத்தில் தோழியர் மணப்பெண்ணுக்குப் பின்னால் வருவார்கள், அமெரிக்க வழக்கத்தில் முன்னால். படத்தில் பார்த்ததை நம்பாமல் ஒத்திகையில் குருவானவரிடம் கேளுங்கள். நெருக்கியடித்து நடக்கவும் கூடாது. 1840-இல் விக்டோரியா மகாராணியின் கல்யாணத்தில், கவுனின் பின்னால் இழுபடும் ட்ரெயினை 12 தோழியர் தாங்கி வந்தார்கள். அதன் நீளம் 6 கஜம்தான். இடம் போதாமல் ஒருவர் குதிகாலை ஒருவர் இடித்து, ஒருவர் உடையை ஒருவர் மிதித்தபடி நடக்க வேண்டியிருந்தது.

ட்ரெயின் இன்றும் பெரிய தலைவலி. ஆராதனை முடிந்ததும் அதைத் தூக்கிக் கட்ட உள்ளே நாடாக்களோ வெளியே கொக்கிகளோ இருக்கும். எந்த நாடா எதோடு சேரும் என்பது அன்றைய அவசரத்தில் புரியாது. கடைசி ஃபிட்டிங்குக்கு நீங்களும் போய், ஒருமுறை உங்கள் கையால் கட்டிப் பாருங்கள். ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடி ஜோடியாக ஒரே நிற நூல் கட்டி அடையாளம் வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. முதுகில் வரிசையாகத் துணிப் பொத்தான் இருந்தால் ஒரு குரோஷே ஊசி கொண்டுபோங்கள். விரலால் போடுவதைவிட வேகமாக முடியும், நகமும் உடையாது.

நம் ஊர் சர்ச்சுகளில் தாலி கட்டுவதும் உண்டு. தலையில் சீப்பால் குத்திய நெட் (மெல்லிய முக்காடு), கழுத்தில் மாலை, இவற்றுக்கு அடியில் தாலி போக வேண்டும். நெட்டைத் தூக்கிப் பிடிப்பவர் யார், முடிச்சுப் போட உதவுவது மாப்பிள்ளையின் சகோதரியா என்று முன்னாலேயே பேசாவிட்டால் நாலு கைகள் ஒரே நேரத்தில் நீளும். நெட்டின் நுனியைப் பிடித்து இழுத்தால் சீப்போடு கொண்டையும் அவிழும். சீப்பு குத்திய இடத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் தூக்குங்கள்.

மோதிரம் மாற்றும் முன் மணப்பெண்ணின் பொக்கேயை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். பதற்றத்தில் பொக்கே மார்புவரை ஏறிவிடும். தொப்புள் உயரத்தில் பிடித்தால்தான் உடை தெரியும். லில்லிப் பூ இருந்தால் மகரந்தப் பைகளைக் காலையிலேயே கிள்ளி எடுங்கள். உடையில் பட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், கறை துணிக்குள் ஊறிவிடும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் பொடி வந்துவிடும்.

சாப்பிடாமல் வருவது பெரிய தவறு. வெறும் வயிற்றோடு முழங்காலை விறைப்பாக வைத்து வெகுநேரம் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். முட்டியை லேசாகத் தளர்த்தி, எடையைக் கால் மாற்றி நில்லுங்கள்.

தோழியாக நின்றால் சாட்சிக் கையெழுத்தும் தன்னுடையதே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவின் 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டம் குறைந்தது 2 சாட்சிகளைக் கேட்கிறது. அவர்கள் தோழியும் மாப்பிள்ளைத் தோழனுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வீடுகளில் அது பெரியவர்களுக்குப் போகும். உங்களைத்தான் அழைக்கிறார்கள் என்றால் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள், பேனாவைக் கையோடு வைத்திருங்கள்.